கொடுமைக்கார மாமியாரின் மருமகள்

அன்புள்ள அத்தை,

உங்கள் ஷூட்டிங் பையை இன்றுதான் திறந்தேன். நாலு சேலையும் பவுடர் வாசத்தோடு அப்படியே இருக்கின்றன. சின்ன வேடக்காரர்களுக்கு உடை தரமாட்டார்கள் என்று, சிம்பாங் ரெங்கத்திலிருந்து கோலாலம்பூர் பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் இதைத் தூக்கிக்கொண்டு போவீர்கள். துவைக்கலாம் என்று எடுத்தவள், முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

இருபது வருடம் டிவி நாடகங்கள், நடுவில் இரண்டு மூன்று படங்கள். எல்லாவற்றிலும் உங்களுக்கு மாமியார் வேடம்தான். மருமகளின் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவீர்கள், முடியைப் பிடித்து இழுப்பீர்கள். மறுநாள் பசாரில் மீன் விற்கும் அக்கா உங்களைத் திட்டுவார். "திட்டுறாங்கன்னா நான் நல்லா செஞ்சிருக்கேன்லா" என்று சிரித்தபடி வீட்டுக்கு வருவீர்கள்.

பாலோ ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "பாவம்மா நீ. வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கேட்டார். வாரம் முழுக்க விடைத்தாள் திருத்திய களைப்பு எனக்கு. யாரோ பாவம் என்று சொன்னது இதமாக இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. பெருமூச்சு விட்டு, சிரித்து வைத்தேன். திரும்பினால், பின்னால் நீங்கள், கையில் எனக்கான பாயசத்தோடு.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது கேட்டீர்கள்: "நான் டைரக்டர் சொல்லி நடிச்சேன். நீ யாரு சொல்லிம்மா நடிச்சே?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளை, நாளை என்று வருடங்கள் போயின. நடுவில் எனக்கு ஆப்பரேஷன். அந்த வாரம்தான் உங்களுக்கு முதல்முறையாக ஒரு நல்ல அம்மா வேடம் வந்திருந்தது. "வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றபடி என் தலையை வாரிவிட்டீர்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது திறக்கிறேன். உங்கள் பழைய நாடகங்களை மறுபடி போடுவதால், கிளினிக்கில், கோயிலில் யாராவது அதே கேள்வியைக் கேட்கிறார்கள். எனக்காக நீங்கள் விட்ட வேடத்தைச் சொல்கிறேன். கல்யாணத்தில் நான் செய்ததையும் சொல்கிறேன். போன வாரம் ஓர் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் முதுகைத் தட்டினார்.

"போய்ச் சேந்த பிறகும் மாமியார விட்டுக்குடுக்காம பேசுறே பாரு. உன்ன மாதிரி மருமக யாருக்குக் கிடைக்கும்?"

உங்களுக்குச் சேரவேண்டிய நல்ல பெயரையும் நானே சுமந்துகொண்டு நிற்கிறேன், அத்தை.