ராசா மகளுக்கு ஒரு பேர்

யூன் 16, திங்கள்

கச்சான் காற்று. கொடியில் போட்ட பள்ளிச் சட்டை வேலிக்குப் பறந்து கிழிந்தது. கணிதச் சோதனை சுமார்.

தமிழ்த்தினப் போட்டி நாடகம் எழுதி முடித்தேன். ரீச்சர் என்னைத்தான் எழுதச் சொன்னார். கதை என்னுடையதல்ல. என் வகுப்பு மகேஸின் அம்மா சொன்னது. அவர்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். போன கிழமை எங்கள் வயலில் புல்லுப் பிடுங்கிவிட்டு, வரம்பில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது எனக்கும் மகேஸுக்கும் சொன்னார். குளம் வற்றும் காலம். ராசா கீழ் ஊருக்குத் தண்ணீர் விடாமல் குளத்துத் துலுசின் கதவைப் பூட்டி வைக்கிறான். அவன் மகள் இருட்டில் போய்த் திறந்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

ராசா மகளின் பேர் என்னவென்று கேட்டேன். "ராசா மகளுக்கு எதுக்குப் பாப்பா பேரு? ஊரே கும்புடுது" என்றார்.

நாடகத்துக்குப் பேர் வேண்டும். எழிலரசி. பொன்மணி. யாழினி (வகுப்பிலேயே இரண்டு பேர், சரிவராது). செந்தாமரை.

மகேஸ் என் சைக்கிளில் பின்னால் இருந்தபடி சொன்னாள்: "எங்கட அம்மான்ர பேரை வையன். மேடையில இளவரசி காத்தாயி எண்டு கூப்பிட்டா அவா விழுந்து விழுந்து சிரிப்பா."

ஓம் என்றேன். எழுதியும்விட்டேன். இளவரசி காத்தாயி. வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

யூன் 17, செவ்வாய்

அம்மா நித்திரை. நுளம்பு வலைக்குள் ரோச் வெளிச்சம். எழுத்து கோணல்.

இன்று நாடகத்தைக் கொப்பியிலிருந்து நான் வாசித்துக் காட்டினேன். தர்சிகா இளவரசி. வடிவானவள், குரலும் பெரிசு, போட்டிக்கு வான் பிடித்துத் தருவதும் அவள் அப்பா. முதல் பக்கத்திலேயே என்னை நிறுத்திவிட்டாள்.

"ரீச்சர், நான் காத்தாயியா நடிக்க மாட்டன். அது இவளின்ர வயலில புல்லுப் பிடுங்கிற மனுசியின்ர பேர்."

எல்லாரும் சிரிப்பு. பின் வாங்கிலிருந்து யாரோ, "இளவரசிக்கு ஒரு கொழுந்துக் கூடையும் குடுங்கோ ரீச்சர்!"

ரீச்சர் சிரிக்கவில்லை. "ஆர் இந்தப் பேர் வச்சது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தர்சிகா என் காதுக்குக் கிட்ட வந்து, "நீயும் அவையளின்ர ஆளோடி?" என்றாள்.

"மகேஸ், ரீச்சர். நான் எழிலரசி எண்டுதான் எழுதினனான். அவ பகிடிக்கு மாத்திப்போட்டா."

இதை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

மகேஸ் எழும்பி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, கரும்பலகையைப் பார்த்தாள். "ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீர்? பெத்த தாயின்ர பேரை வச்சே பகிடி விடுறது?" என்று ரீச்சர் கேட்டார். இளவரசியின் தோழியாக நடிக்க இருந்த மகேஸை நீக்கிவிட்டார்கள்.

ஒருதரும் கொப்பியை வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது என் கையெழுத்து.

முடியும்போது தர்சிகா, "வேலைக்காரிக்குப் பேர் இல்லைத்தானே. அவளுக்கு வையுங்கோ, பொருந்தும்." ரீச்சர், "சரி சரி, மணி அடிக்கப்போகுது" என்றார். மாற்றி எழுதியது நான். இளவரசி எழிலரசி. வேலைக்காரி காத்தாயி. சிவப்புப் பேனை.

யூன் 19, வியாழன்

காற்று இல்லை. வெக்கை. இரவு பிட்டு, சாப்பிட மனமில்லை. "காய்ச்சலோடி?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மகேஸ் என்னோடு கதைப்பதில்லை. நடந்தே போகிறாள். பின்னால் பாரம் இல்லாமல் சைக்கிள் மணலில் லேசாகப் போகிறது. பிடிக்கவில்லை.

இளவரசிக்குச் சிவப்புக் கூறைச் சேலை தேவை. தர்சிகாவின் அம்மா தன்னுடையதைத் தரமாட்டாராம், சரிகை போய்விடுமாம். ரீச்சர் எல்லா வகுப்பிலும் கேட்டார். இன்று காலை மகேஸ் ஒரு பையைக் கொண்டுவந்து ரீச்சரின் மேசையில் வைத்தாள். அவள் அம்மாவின் கலியாணச் சேலை.

தண்ணிப் பைப்படியில் என்னிடம் வந்தாள். மூன்று நாளில் பேசியது இவ்வளவுதான்:

"அம்மாவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. இளவரசிக்குத் தன்ர பேர் எண்டு நினைச்சுத்தான் சேலையைத் தந்துவிட்டவா. நீயே சொல்லு."

யூன் 22, ஞாயிறு

எங்கள் வயலில் புல்லுப் பிடுங்கல். தேத்தண்ணி கொண்டுபோனேன். சொல்ல வேண்டியவை:

பேர் மாறிவிட்டது.
மாறியதற்கு மகேஸ் காரணமில்லை.
மன்னியுங்கோ.

முதலில் அவரை எப்படிக் கூப்பிடுவது? தர்சிகாவின் அம்மாவை அன்ரி என்கிறேன். இவரை வீட்டில் எல்லாரும் காத்தாயி. நானும் சின்னனிலிருந்து அப்படித்தான். அம்மாவைவிட வயசு கூடியவர். அம்மா வரம்பில் நின்று, "காத்தாயி, அந்த மூலையை விட்டிட்டாய், பார்!" என்று கத்தினார்.

கூப்பிடாமல் தேத்தண்ணியை நீட்டினேன்.

"பாப்பா, செவ்வாக்கெழம நாடகத்துக்கு நானும் வரட்டா? ஒரு நாள் கூலி போனா போவுது. எம் பேர ஒரு தடவ மைக்குல கேக்கணும்."

"வாங்கோ" என்றேன்.

வாங்கோ என்றேன்!

யூன் 24, செவ்வாய்

முதலாம் இடம். மாகாணப் போட்டிக்குப் போகிறோம். திரும்பி வரும்போது வானில் எல்லாரும் பாட்டு. நான் வயிற்றுக்குத்து என்று சொல்லி முன் சீற்றில்.

நான் திரைக்குப் பின்னால், வசனம் எடுத்துக் கொடுக்க. திரையில் ஒரு ஓட்டை. மகேஸின் அம்மா மூன்றாம் வரிசையில். விசுவமடுச் சந்தியில் பஸ் ஏறி, எங்களுக்கு முன்னமே வந்துவிட்டார். தலையில் பூ. அருகில் இருந்த மனுசியிடம் ஏதோ சொல்லி மேடையைக் காட்டினார். அது தன் சேலை என்று சொல்லியிருப்பார்.

தர்சிகாவின் முதல் வசனம்: "அடியே காத்தாயி! கால் கழுவத் தண்ணீர் கொண்டு வா!"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கையால் வாயைப் பொத்தினார். துலுசு திறந்து, ஊர் மகிழ்ந்து, திரை மூடும்வரைக்கும் அந்தக் கை கீழே இறங்கவில்லை.

சேலையைத் திருப்பிக் கொடுத்தது நான்தான். கரையில் செம்மண்.

"நல்லா இருந்திச்சு பாப்பா. சீல அந்தப் புள்ளைக்கு எடுப்பா இருந்திச்சு." பேரைப் பற்றி ஒன்றுமில்லை. ஏசியிருக்கலாம்.

யூன் 26, வியாழன்

ரீச்சர் கூப்பிட்டார். "மாகாணத்துக்கும் அந்தச் சேலைதான் வேணும். நீர்தானே அவைக்குக் கிட்ட, போய்க் கேட்டுக்கொண்டு வாரும்."

பின்னேரம் போனேன். அவர்கள் வீட்டு வேலிப் படலையடியில் நெடுநேரம் நின்றேன். நாய் குரைத்தது. மகேஸ் குசினிக்குள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

அவள் அம்மா சேலையைக் கொண்டுவந்தார். கழுவி மடித்தது, கரையில் மண் இல்லை. நீட்டினார். நான் பிடித்தேன். ஆனால் அவர் விடவில்லை.

"இந்தத் தடவ ராசா மகளுக்கு என்னா பேரு பாப்பா?"

கோபமா, பகிடியா, உண்மையிலேயே கேட்கிறாரா, தெரியவில்லை. முகத்தைப் பார்க்க முடியவில்லை. குசினிக்குள் கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

"காத்தாயி."

"என்னா?"

"இளவரசி காத்தாயி, அன்ரி."

சேலையை விட்டார். குசினியில் சத்தம் திரும்பத் தொடங்கவில்லை.

இப்போது சேலை என் புத்தகப் பைக்குள். நாளை முதலாம் பாடம் தமிழ். தர்சிகா முன் வாங்கில் இருப்பாள். அம்மாவுக்குக் கேட்காமல் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

"ரீச்சர், அந்தக் கொப்பியை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. அது என்ர கையெழுத்து."