எண்பதுதான் முழுசு

ஜனவரி 9, வியாழன்

மூக்கு நுனி சில்லிட்டு விழித்தேன். விடிந்திருந்தது. ஹீட்டர் ஓடவில்லை. காபி வைக்கலாம் என்று அடுப்பைத் திருகினால் நீலமாக ஒரு பொட்டு எழுந்து அடங்கிவிட்டது. கேஸ் தீர்ந்துபோயிருக்கிறது.

நேற்று மத்தியானம்தான் என் புருஷன் வெர்லின், நாங்கள் குடியிருக்கிற வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, டேங்க் கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தான். "பாதிக்கு மேல கிடக்கு, ஆர்டிஸ்" என்றான். கட்டைவிரல் நகம் அளவு மீட்டர் அது. பன்னிரண்டு வருடமாக அவன்தான் பார்க்கிறான், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

முள் கெட்டிருக்கும் என்கிறான். இருக்கலாம்.

பக்கத்து டிரெய்லர் ட்வைலா தன் சின்ன ஹீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கென்ன, சிலிண்டரைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனால் முடிந்தது. எங்களுடையது வண்டியோடு வண்டியாகப் பொருத்திய டேங்க். கேஸ் வேண்டுமானால் முப்பத்திரண்டு அடி வீடும் சேர்ந்து கிளம்ப வேண்டும். போன வருடம் வரை, குளிர்காலத்துக்கு வந்து தங்குகிற இந்த வண்டி முகாமுக்கே கேஸ் லாரி வந்தது, இந்த வருடம் நிறுத்திவிட்டார்கள்.

டவுன் ஒன்பது மைல்தான். நாளைக்குப் போகலாம் என்கிறான்.

ஜனவரி 10, வெள்ளி

போகவில்லை. காற்று அதிகமாம். வெளியே காயப்போட்ட துண்டின் நுனிகூட ஆடவில்லை.

பால் திரிந்துவிட்டது. ஃபிரிட்ஜும் அதே கேஸில்தான் ஓடுகிறது.

சாயங்காலம் ட்வைலா ஒரு யோசனை சொன்னாள். வெளியே தனிச் சிலிண்டர் வைத்து வண்டிக் குழாயோடு இணைக்க ஒரு கிளைக்குழாய் விற்கிறதாம். தானே வாங்கி மாட்டித் தருவாளாம், சிலிண்டரையும் தானே நிரப்பி வருவாளாம். மார்ச் வரை வண்டியை அசைக்கவே வேண்டாம். வெர்லின் உடனே சரி என்றான்.

அந்தக் குழாய்க்கு அவன் வைத்த பெயர் சோம்பேறிக் குழாய். அதை மாட்டியவர்களை எத்தனை முகாமில் கேலி செய்திருக்கிறான். அவனா உடனே சரி என்கிறான்?

ஜனவரி 11, சனி

அவன் நடக்கப் போன நேரத்தில் வண்டிக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கே நிரப்பினோம், எத்தனை மைல் ஓடினோம், எல்லாம் அவன் எழுதுவது. எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து அவனுக்கு. போன கோடையிலிருந்து பெரிதாகிக்கொண்டே வருகிறது. அக்டோபரில் பக்கத்துக்கு மூன்று வரி. நவம்பரில் ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது.

எனக்குத் தெரியாதா என்ன? காபி கோப்பையைத் தாண்டி வழிவது தெரியும். என்னிடம் பேசும்போது கோழி மாதிரி தலையைச் சாய்த்துப் பார்ப்பது தெரியும். தெற்கு டகோட்டாவிலிருந்து இங்கே அரிசோனா வருகிற வழியெல்லாம், "ரோட்டுப் பலகையை எல்லாம் வாசிச்சுக்கிட்டே வா, பேச்சுத்துணைக்கு ஆச்சு" என்றானே. ஆயிரத்து நானூறு மைல் வாசித்தேன். பேச்சுத்துணையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான், நானும் கூட உட்கார்ந்து சோற்றை அள்ளிப் போட்டிருக்கிறேன். எதிரே எத்தனை கார், அதில் எத்தனை பிள்ளைகள் — கடவுளே.

கேட்டால் என்ன ஆகும் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. வீட்டை விற்றுத்தான் இந்த வண்டியை வாங்கினோம். அவன் ஓட்ட முடியாதென்றால் மகள் டானெட் வீட்டில் தரைக்குக் கீழே ஒழித்து வைத்திருக்கிற அறைதான். ஒரே ஜன்னல், அதுவும் கைக்கு எட்டாத உயரத்தில். அங்கே கொண்டுபோய்ப் போட்டால் செத்துவிடுவேன் என்று ஒருமுறை சொன்னான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் ஓட்டலாமே என்றால் — நானா? ஒரே ஒரு தடவை ஓட்டினேன். நெப்ராஸ்காவில் ஒரு பெட்ரோல் பங்க் தூணில் உரசி, பின்பக்கத்தைக் கை நீளத்துக்குக் கிழித்தேன். பத்து வருடம் ஆகிறது. யார் வந்தாலும் அந்தத் தழும்பைக் காட்டாமல் விடமாட்டான். "தூணு குறுக்க வந்துருச்சு, பாவம்."

களைப்பாக இருக்கிறது. எழுதக்கூட.

ஜனவரி 12, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

காலையில் வறட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். "என் மூஞ்சி உனக்குத் தெரியுதா, வெர்லின்?" வேறு மாதிரி ஆரம்பிக்கத்தான் நினைத்திருந்தேன்.

ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"ஓரமெல்லாம் தெரியுது. காது தெரியுது, முடி தெரியுது. நடுவுலதான்... நடுவுல ஒண்ணுமே இல்ல, ஆர்டிஸ்."

ஆகஸ்டிலிருந்தே இப்படித்தானாம். இனி வண்டியைத் தொடாதே என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கத்தினேன். ஏன்யா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, யாரையாவது அடிச்சுக் கொன்னிருந்தா என்ன பண்ணியிருப்ப... அவன் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அதுவாவது தெரிந்ததோ என்னவோ. பிறகு, சொல்லியிருந்தால் நீ டானெட்டைக் கூப்பிட்டிருப்பாய் என்றான்.

கூப்பிட்டிருப்பேன். அதுதான் உண்மை.

சோம்பேறிக் குழாய் வேண்டாம் என்று ட்வைலாவிடம் சொல்லிவிட்டேன். மார்ச்சில் வெயில் ஏறினால் இங்கிருந்து கிளம்பித்தானே ஆக வேண்டும்? அன்றைக்கு யார் ஓட்டுவது? அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என் புருசன் போனப்போ எனக்கு டிரெய்லரைப் பின்னால தள்ளவே தெரியாது. அழுதுக்கிட்டேதான் தள்ளுனேன். நீயும் அழுதுக்கிட்டே ஓட்டு, யாரு வேண்டாங்குறா."

ஜனவரி 13, திங்கள்

ஓட்டினேன்.

இருக்கையை முழுதாக முன்னால் இழுத்து, முதுகுக்குத் தலையணை வைத்து. ஒன்பது மைலுக்கு முக்கால் மணி நேரம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். வெர்லின் பக்கத்து இருக்கையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

கேஸ் நிரப்பும் இடத்தில் நாலு மஞ்சள் தூண். எனக்கென்றே நட்டு வைத்ததுபோல. இரண்டு தடவை உள்ளே போய் இரண்டு தடவையும் வெளியே எடுத்தேன். அழுகை வந்தது, ட்வைலா சொன்னபடியே. மூன்றாவது தடவை அங்கே வேலை செய்கிற பெண், கிராசியெலா என்று சட்டையில் எழுதியிருந்தது, முன்னால் வந்து நின்று இரண்டு கையாலும் வழி காட்டினாள். நாலு விரல் இடைவெளியில் தூணைத் தாண்டினேன்.

அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் அணைத்தாயிற்றா, எல்லோரும் கீழே இறங்குங்கள் என்றாள். வெர்லின் இறங்க மறுத்தான். இத்தனை வருடமும் அந்தக் குழாய்ப் பக்கம் நின்று அதிகாரம் பண்ணியவன். பயணி மாதிரி இறங்கச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"உள்ள ஆள் இருந்தா நான் நிரப்ப மாட்டேன் தாத்தா. நாய்க்குட்டின்னாலும் இறக்கித்தான் ஆகணும்" என்றாள் கிராசியெலா.

இறங்கினான். வண்டியைத் தடவிக்கொண்டே டேங்க் கதவுவரை நடந்தான். வழியில் அந்த நெப்ராஸ்காத் தழும்பு. விரல் அதில் கொஞ்சம் நின்றது. தூண் கதை வரப்போகிறது என்று பல்லைக் கடித்தேன். வரவில்லை.

கேஸ் ஏறத் தொடங்கியது. அவன் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். இந்தத் தடவை பார்க்க இல்லை, கேட்க. நான் டேங்க் நிரம்பினால் விளிம்புவரை நிரம்பும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம், வெயிலில் கேஸ் விரியுமாம், அதற்கு இடம் விட வேண்டுமாம். "நூத்துக்கு எண்பதுதான் முழுசு" என்றான். அப்புறம் கையைத் தூக்கினான். "போதும். இப்போ சீறும் பாரு."

சின்ன வால்வில் வெள்ளையாகப் புகை சீறியது. கிராசியெலா குழாயை அடைத்துவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தாள். மீட்டர் சரியாக எண்பது காட்டுகிறது என்று நான்தான் குனிந்து வாசித்தேன்.

முகாமுக்குத் திரும்பிய பிறகு பார்த்தேன், ஓட்டுநர் இருக்கையை அவன் பழையபடி பின்னால் தள்ளி வைத்திருந்தான். கேட்டால், கை தானா போயிருச்சு என்றான்.

ஜனவரி 19, ஞாயிறு

வண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்வந்தேன். இருக்கை மறுபடியும் பின்னால். ராத்திரி சூப்பில் உப்பு இல்லை என்று மட்டும் சொன்னான்.

ஜனவரி 26, ஞாயிறு

பின்னால். யார் கண்ணுக்கு இந்த நாடகம்?

ஜனவரி 30, வியாழன்

டானெட் ஃபோன் பண்ணினாள். எல்லாம் சொன்னேன். உடனே வந்து கூட்டிப்போகிறேன் என்று அழுதாள். மார்ச்சில் நாங்களே வருகிறோம், உன் வாசலில் வண்டி நிறுத்த இடம் விடு, கீழ் அறை வேண்டாம் என்றேன். யார் ஓட்டுவது என்று கேட்டாள். வெர்லின் மேசைக்கு எதிரே இருந்தான், அவனுக்கும் கேட்டிருக்கும். நான்தான் என்றேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மீட்டர் கால் பங்கில், மறுபடியும் நிரப்பப் போக வேண்டும். இப்போது தினமும் நான்தான் பார்க்கிறேன். அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் அணைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல இருக்கையை இழுக்கக் குனிந்தேன்.

இருக்கை முன்னாலேயே இருந்தது, கால் பிரேக்கில் எட்டியது. முதுகில் தலையணையும்.

வெர்லின் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். "பலகை வந்தா வாசிச்சுக்கிட்டே போ" என்றான். "எங்க போறோம்னு எனக்கும் தெரியணுமில்ல."