பொட்டு வைத்த கணினி

7 அக்டோபர் 2024, திங்கள்

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் இன்றும் நகரவில்லை. துருவத்தில் ஒளி ஆடும்போது மேல்வானக் காற்று திடீரென்று சூடாகி உப்புகிறது. அங்கிருந்து அலைகள் கிளம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. ஆறு வருடமாக இதைத்தான் நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். என் வழிகாட்டி ராஜகோபாலன் சாருக்குப் போதவில்லை. "எல்லாம் சின்னப் புயலாவே காட்டிண்டிருக்கே சந்திரிகா. பெரிய காந்தப் புயல் ஒண்ணு காட்டு, கையெழுத்துப் போடறேன்."

சூரியன் என்ன என் தாய்மாமனா, கேட்டதும் சீர் அனுப்ப? டிசம்பரோடு ஆய்வேட்டுக்குக் கெடு முடிகிறது.

10 அக்டோபர், வியாழன்

நாளையிலிருந்து விடுமுறை. அதனால் ஆய்வுக்கூடத்தில் இன்றே ஆயுத பூஜை. துருவ நிலையத்திலிருந்து பதிவுகளை வாங்கும் கணினிக்கு நானே சந்தனம், குங்குமம் வைத்தேன். "இத்தையுமா ஆஃப் பண்ணணும் மேடம்?" என்றார் எலெக்ட்ரீஷியன் துரைராஜ் அண்ணன்.

"பூஜையில வெச்சது ஓடக்கூடாது அண்ணா."

துருவ நிலையத்திலுள்ள கருவி இரண்டு நாள் பதிவைத் தன்னிடமே வைத்திருக்கும். அதற்குப் பிறகு பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். சனிக்கிழமை வந்து போட்டுவிட்டால் சரி.

12 அக்டோபர், சனி

அசோக் நகரில் சித்தி வீட்டுக் கொலு. ஆய்வுக்கூடம் போகவில்லை. திங்களன்று பார்த்துக்கொள்ளலாம்.

14 அக்டோபர், திங்கள்

ஐயோ.

வியாழன் ராத்திரியே வந்திருக்கு. நான் கேட்ட புயல். லடாக்கில்கூட வானம் சிவந்ததாம். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, என் கோப்பில் மட்டும் ஒன்றுமில்லை. வியாழனும் வெள்ளியும் வெறும் கோடு. அணைச்சது யாரு? நான். சனிக்கிழமை போகாம சுண்டல் தின்னுகிட்டு உட்கார்ந்திருந்தது யாரு?

சார் கேட்டார். "கரண்ட் போயிருக்கும் சார்" என்றேன். எப்படி வந்தது அந்தப் பொய், அவ்வளவு சுலபமாக?

16 அக்டோபர்

யூபிஎஸ்ஸைக் கவனிக்கவில்லை என்று துரைராஜ் அண்ணனுக்கு மெமோ. அவர் ஒப்பந்த வேலையில் இருப்பவர். இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

18 அக்டோபர்

கணக்கு மாதிரியிலிருந்து ஓர் அலை செய்து, வெற்றுக்கோட்டில் ஒட்டிப் பார்த்தேன். நிஜத்தைவிட அழகாக இருக்கிறது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் கோப்பை அழிக்கவில்லை. வேறு வழி? ஆறு வருஷம்! அம்மாவிடம் என்ன சொல்வேன்?

21 அக்டோபர்

கேன்டீன் வாசலில் துரைராஜ் அண்ணன் மெமோவோடு நின்றிருந்தார். "யூபிஎஸ் நல்லாத்தான கீது மேடம். நான் இன்னானு பதில் எழுதறது?"

மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நீங்களே சொல்லிடுவீங்கனுதான் நான் ஒண்ணும் சொல்லிக்கல." கோபமே இல்லை அவர் குரலில். இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை.

22 அக்டோபர்

சாரிடம் சொல்லிவிட்டேன். அணைத்தது நான், பொய் சொன்னது நான். போலி அலையையும் காட்டி, அவர் முன்னாலேயே அழித்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெமோவை வாபஸ் வாங்கச் சொல்றேன். உன் கெடுவை நீட்டச் சொல்லி இனிமே நான் கேக்க முடியாது, தெரியுமோல்லியோ?"

தெரியும் என்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

31 டிசம்பர்

கெடு முடிந்தது. கொடுக்க ஒன்றுமில்லை.

30 செப்டம்பர் 2025, செவ்வாய்

ஆய்வுப் படிப்புக்கு மறுபதிவு செய்து எட்டு மாதம். உதவித்தொகை கிடையாது; காலையில் தி. நகரில் டியூஷன் எடுக்கிறேன், மதியம் ஆய்வுக்கூடம். நாளை ஆயுத பூஜை என்பதால் எங்களுக்கு இன்று. காலையிலிருந்து காந்தப் புயல் ஒன்று. போன வருடத்தது போலப் பெரிதல்ல, ஆனால் சின்னதும் அல்ல.

துரைராஜ் அண்ணன் மற்ற இயந்திரங்களையெல்லாம் அணைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு என் மேஜைக்கு வந்தார். "இது ஓடட்டும் மேடம். சாமி கோச்சிக்காது."

பொட்டு வைத்தேன். கணினி விரலுக்கடியில் சூடாக இருந்தது. திரையில் ஓர் அலை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பூசணிக்காய் உடைக்க எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். நான் போகவில்லை.