காது மெஷினைத் துடைத்த கை

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

போன செவ்வாய்க்கிழமை கூடத்தில் இருந்தவர்கள் நம் மகள், மாப்பிள்ளை, அவர் அக்கா, தொட்டிலில் பேத்தி, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு நான். பேத்தி வீறிட்டு அழுதிருக்கிறாள், காதில் மெஷின் இருந்தும் எனக்குக் கேட்கவேயில்லை. "இவங்கள நம்பி எப்படிக் கொழந்தைய விட்டுட்டு வேலைக்குப் போவே? ஊருக்கே அனுப்பிடு" என்றாளாம் அந்த அக்கா. மகள்தான் சொன்னாள்.

மறுநாள் காது மெஷின் கடைக்குப் போனோம். கடைக்காரர் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, அழுக்கு அடைச்சிருக்கு. இதுவரைக்கும் யாரும்மா சுத்தம் பண்ணது?"

"யாரும் இல்ல. வாங்கி நாலு வருஷம் ஆச்சு."

"யாரும் பண்ணாம நாலு வருஷம் ஓடாதும்மா."

மெஷினைக் கழற்றிவைத்துவிட்டு நான் குளித்து வரும்போதெல்லாம் நீங்கள் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது தினமும் நானே பிரஷ்ஷால் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரி மூடியைத் திறந்துவைத்துவிட்டுப் படுக்கிறேன். பகலில் பேத்தி சிணுங்கினால் முதல் ஆளாக நிற்பது நான்தான். உங்கள் பிரஷ்ஷை அனுப்புங்கள், கடை பிரஷ் சொரசொரப்பு. போனைச் சீக்கிரம் வைக்காதீர்கள், நன்றாகவே கேட்கிறது.

குழந்தை எழுந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அக்காவைக்கூட மன்னித்துவிடுவேன். நாலு வருஷம் எனக்குத் தெரியாமல் துடைத்துவைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் ரயில் ஏற்றிவிட்ட உங்களை மன்னிக்கமாட்டேன்.