ஏழாவது தோட்டா

9 நவம்பர் 1948, செஞ்சி

தன் நாட்டுக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் வாங்கிய பிஸ்டலை இன்று ராஜகிரிக் கோட்டை அகழிப் பக்கம் சுட்டுப் பார்த்தேன். முதல் குண்டு போனது. இரண்டாவது தோட்டா பாதி ஏறி, மூக்கை நிமிர்த்திக்கொண்டு மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டு மறுபடி முழுசாக நிரப்பினேன். அதே இடத்தில் அதே சிக்கல்.

கான்ஸ்டபிள் அருளானந்தம் எட்டிப் பார்த்தான். "இன்னாங்க ஐயா, சண்டி மாடு மாரி நிக்குது?"

சிரித்துவிட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கிற விஷயமில்லை இது.

12 நவம்பர்

எண்ணெய் போட்டேன். தோட்டாக்களை அடுக்கும் கூட்டின் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தேன். பயனில்லை.

15 நவம்பர்

பிடிபட்டது! கூட்டில் ஏழு தோட்டா அடைத்தால் அடியிலுள்ள ஸ்பிரிங் ஒரேயடியாக அழுந்தி, தோட்டாக்களை மேலே இறுக்கிவிடுகிறது. அடுத்ததைக் குழலுக்குள் தள்ள முடியாமல் திணறுகிறது. ஆறு போட்டால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. திரும்பத் திரும்பச் சுட்டேன், ஒருமுறைகூடச் சிக்கவில்லை. இனி ஆறுதான்.

19 நவம்பர்

திண்டிவனம் ரோட்டில் மறுபடி வழிப்பறி. வண்டிக்காரர் தனகோட்டியை நாட்டுத் துப்பாக்கியால் தொடையில் சுட்டிருக்கிறார்கள். ஆட்கள் இங்கே செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைமேல் பதுங்கியிருப்பதாகத் தகவல். விடிந்ததும் ஏறுகிறோம்.

பயமாக இருக்கிறது. இங்கே எழுதினால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்? கூடுதலாக ஒரு தோட்டா இருக்கட்டுமே என்று ஏழாக அடைத்துவிட்டேன்.

20 நவம்பர்

விடிந்ததும் ஏறினோம்.

பனிமூட்டம். அருளானந்தத்தைக் கீழ்ப்படியில் காவல் நிறுத்திவிட்டு மேலே போனேன். பாறைக்குப் பின்னால் ஒரு தலை எழுந்தது. கம்பளி முக்காடு. கையில் நீளமாக ஏதோ. சுட்டேன் — தவறியது. நெஞ்சுக்குக் குறிவைத்து மறுபடி இழுத்தேன். வெடிக்கவில்லை. தோட்டா சிக்கி நின்றது.

"ஐயா! ஐயா, நாந்தான்!"

அருளானந்தம். கையில் லத்தி. வழிப்பறி ஆட்கள் மலையின் பின்பக்கமாக ஓடுவதைப் பார்த்து, என்னிடம் சொல்லச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

யார் அது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கவே இல்லையே. பயந்துபோய் ஏழாவதைப் போட்டேன், அதனால அவன் பொழச்சான். ஆறோட நிறுத்தியிருந்தா?

இறங்கும்போது அவன் எனக்கு முன்னால் நடக்கவேயில்லை.

22 நவம்பர்

வழிப்பறி ஆட்களைப் பக்கத்து அனந்தபுரத்தில் ஊர்க்காரர்களே பிடித்துக் கட்டிவைத்துவிட்டார்கள். மலைமேல் நடந்ததை நடந்தபடி மேலதிகாரிக்கு எழுதி, பிஸ்டலையும் ஒப்படைத்தேன். விசாரணை வருமாம். வரட்டும்.

27 நவம்பர்

அருளானந்தம் வீட்டுக்கு வந்தான். "நாளைக்குக் கொழந்தைக்கு ஞானஸ்நானம். ஐயா வரணும்." என் கண்ணைப் பார்க்கவில்லை. ஆனாலும் வந்து சொன்னான்.

28 நவம்பர், ஞாயிறு

மாதா கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். முடிந்து வெளியே வந்ததும் அவன் மனைவி பாக்கியம் நேராக என்னிடம் வந்தாள்.

"அவரு எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க."

என் கண்ணைப் பார்த்தாள். பிறகு குழந்தையை நீட்டினாள்.

"தலைக்கடியில கைய வைங்க. கழுத்து இன்னும் நிக்கல."