பெயரில் இல்லாத உப்பு

அன்பு மகளுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, நீ அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு காதை மட்டும் அங்கே கொடுத்திருந்தேன். இங்கே நான் நலம், அம்மாவும் நலம், முழங்கால் வலியையும் நலத்தோடு சேர்த்துக்கொள்ள அவள் பழகிவிட்டாள். நீங்கள் மூவரும் நலமா என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை எனக்கு மனம் வரவில்லை, அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கடிதமே.

நீ வீடு வாங்கிய செய்தி, குடிபோன பிறகு நீ அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பழைய கிடங்குகளை வீடாக்கி விற்கிற உன் சித்தப்பா காட்டினான், நீ வாங்கினாய், மாப்பிள்ளை தலையாட்டினார், பெற்ற அப்பனை உப்புக்குச் சப்பாணியாகக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. லாஃப்ட் வீடு என்று நீ சொன்னதும், "பரண்லயா குடியிருக்கா? நாம அங்க பழைய அண்டாவத்தான போட்டு வைப்போம்" என்று அம்மா கேட்டாள். வந்து பார்த்தபோது அழகைக் குறை சொல்ல முடியவில்லை. தெரு முழுக்கப் பழைய கிடங்குகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு காப்பிக்கடை, மூட்டை இறக்கிய கல்மேடையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். உன் வீட்டில் கூரையைத் தொடும் சன்னல், பூச்சில்லாத செங்கல் சுவர், அதில் கண்ணாடி போல வார்னிஷ், தலைக்கு மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்த இரும்பு விட்டங்கள், நடு விட்டத்துக்கு நேர் கீழே மரப்படி ஏறிப் போகிற பரண், அதன்மேல் என் பேத்தியின் படுக்கை.

வாசல் வளைவில் 'கிடங்கு' என்று கல்லில் வெட்டியிருக்கிறதல்லவா, அதற்கு முன்னால் இருந்த ஒரு சொல்லை உளியால் கொத்தி மழுக்கியிருக்கிறார்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது நின்று பார், எழுத்துகளின் தடம் தெரியும். உப்பு. நீ குடியிருப்பது உப்புக் கிடங்கு. உன் சித்தப்பாவிடம் கேட்டேன். அவன் ஒளிக்கவும் இல்லை. "உப்புன்னு போட்டா சுவரு ஊறும்னு ஜனங்க பயப்படுவாங்கண்ணே, அதான் எடுத்துட்டோம்" என்றான். "பேர எடுத்துட்டா உள்ள இருக்கறது போயிடுமாடா?" என்று கேட்டேன். என் தோளைத் தட்டிவிட்டு யாரையோ வரவேற்கப் போய்விட்டான். பள்ளியில் வேதியியலில் இரண்டு முறை தோற்றவன் அவன், வாழ்நாளெல்லாம் அதே பாடத்தை நடத்தியவன் நான், இருந்தும் சுவரைப் பற்றி நீ கேட்டது அவனைத்தான்.

மறுநாள் காலையில் நான் சுவரை நக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை பல் துலக்கிக்கொண்டே வந்து அதைப் பார்த்துவிட்டார். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு குட்மார்னிங் சொன்னேன், வேறென்ன செய்ய? அன்று மாலை மொட்டைமாடி விருந்தில் சித்தப்பா அதை ஒரு கதையாக்கி, "வீடு எப்படிண்ணேன்னு கேட்டேன், ருசியா இருக்குன்னுட்டாரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மற்றவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன்.

ருசி என்ன என்று அன்று யாரும் கேட்கவில்லை, இப்போது சொல்கிறேன். கரித்தது. காலங்காலமாக மூட்டைகளிலிருந்து கசிந்த உப்பை அந்தச் செங்கல் குடித்து வைத்திருக்கிறது. முன்பெல்லாம் அங்கே சுவருக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள், உப்பு அந்தப் பூச்சில் வந்து பூக்கும், பூச்சைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். உங்கள் மாடிப்படியில் அலங்காரத்துக்கு மாட்டியிருக்கும் பழைய புகைப்படத்தைப் பார், சுண்ணாம்பு வாளியோடு ஆட்கள் சாரத்தில் நிற்கிறார்கள். சித்தப்பாவின் ஆட்கள் செங்கல் தெரிந்தால்தான் பழமையின் அழகு என்று பூச்சை உரித்துவிட்டு, வார்னிஷ் அடித்து வாயை அடைத்துவிட்டார்கள். வெளியே வர வழியில்லாத உப்பும் ஈரமும் உள்ளே திரும்பும். உள்ளே என்ன இருக்கிறது? அந்த இரும்பு விட்டங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கின்றன. நீ பார்ப்பது பெயிண்ட் அடித்த நடுப்பகுதியை, பாரத்தைத் தாங்குவது யாரும் பார்க்காத முனை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கொடுக்காவிட்டால் சுவரைப் பிளந்து எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன், எனக்கென்ன வந்தது என்று. ஆனால் காது கேட்டுக்கொண்டே இருந்தது. பரணுக்குக் கீழே உள்ள அறைக் கதவு தரையில் உரசுகிறது, தச்சர் வந்து இழைத்துக் கொடுத்தார் என்று முதலில் சொன்னாய். பிறகு மறுபடியும் உரசுகிறது என்றாய், மறுபடியும் இழைத்தார். கதவு வளர்வதில்லை மகளே, மேலே இருப்பதுதான் இறங்குகிறது. துடைக்கத் துடைக்கச் சுவரோரம் மாவு போல உதிர்கிறது, பாப்பா அதில் விரலால் கோலம் போடுகிறாள் என்று சிரித்தாய். போன வாரம் அவளே தொலைபேசியை வாங்கி, "பாட்டி, எங்க வீடு நெட்டி முறிக்குது" என்றாள். அம்மா, வீட்டுக்கும் அலுப்பாக இருக்குமடி என்று கொஞ்சினாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அதையும் ஏதோ கிழவனின் பயம் என்று ஒதுக்கியிருப்பேன். நேற்று நீ போகிற போக்கில் சொன்னாயே, கீழே காப்பிக்கடையை மூடித் திரை போட்டுவிட்டார்கள், உள்ளே இரும்புக் கம்பங்களை நிறுத்தியிருக்கிறார்கள், அலங்கார வேலையாம் என்று. அதோடு, சித்தப்பா தன் அலுவலகத்தை உங்கள் கட்டடத் தரைத்தளத்திலிருந்து வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டாராம், அங்கே வண்டி நிறுத்த வசதியாம். உப்புச் சப்பில்லாத காரணம். அவன் பாடத்தில் தோற்றிருக்கலாம், தன் உயிர் விஷயத்தில் எப்போதும் கெட்டிக்காரன். அவன் போய்விட்டான், நீ மேலே இருக்கிறாய்.

தொலைபேசியில் சொன்னால் விருந்தில் சிரித்தது போலச் சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்து முடித்ததும் குழந்தையின் படுக்கையைச் சுருட்டு. மாப்பிள்ளையின் அக்கா வீடு சின்னதுதான், அவளுக்கு நாக்கு நீளம்தான், அந்த நாக்குக்குப் பயந்து உன் வீட்டிலேயே இருந்துவிடாதே. குத்துகிற வார்த்தைக்குக் கீழே படுத்துத் தூங்கலாம். பிறகு சித்தப்பாவுக்குத் தெரியாத ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து, விட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தை உடைத்துப் பார்க்கச் சொல். நான் சொன்னது தப்பென்றால் அடுத்த விருந்தில் நானே வந்து அந்த நக்கின கதையைச் சொல்கிறேன், வயிறு வலிக்கச் சிரியுங்கள். அப்படி ஆக வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் தலைமேல் கை வைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள். மறந்துவிடாதே, கதவை மறுபடி இழைக்க விடாதே, அது ஒன்றுதான் அங்கே உண்மை பேசுகிறது.

அப்பா அடியில் இரண்டு கோடு இழுத்துப் போடுகிற கையெழுத்தைப் பார்த்தாலே விடைத்தாளில் தோற்ற மாதிரி இருக்கிறது, அதனால் அப்பா கடிதத்தைப் பிரித்ததும் மூடிவிடுகிறேன் என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னாயாம். நீ இதை மூடிவிடக் கூடாது. பெயரை எடுத்துவிட்டாலும் உள்ளே இருப்பது போகாது. கையெழுத்துப் போடாமலே இதை விரைவுத் தபாலில் சேர்க்கிறேன்.