பனிக்கட்டியில் ஒரு பிள்ளைக்காம்பரா

வடகடல், மார்ச் 1956

அன்புள்ள செல்லாயி,

நான் நல்ல சுகம். நீயும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? இது கடல்நாய் வேட்டையாடும் கப்பல். எனக்குச் சமையல் வேலைதான், பயப்படாதே.

நேற்று வேட்டைக்காரர்களுக்குத் தேநீர் கொடுக்கப் பனிக்கட்டியில் இறங்கினேன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளைக் குட்டிகள். தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனபின் நம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கேட்குமே, அதே அழுகை. என்னையறியாமல் ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டு, “அழுவாத கண்ணு, ஆத்தா மலைக்குப் போயிருக்கா, வந்துருவா,” என்றேன்.

உண்மையாகவே தாய் வந்தது! பனியிலிருந்த ஓட்டை வழியே கடலிலிருந்து ஏறி, ஆயிரம் குட்டிகளைத் தாண்டி, முகர்ந்து முகர்ந்து என் காலடிக்கே வந்தது. குட்டியை இறக்கிவிட்டேன். தடி ஓங்கியவர்களும் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள்.

நம் மகனை நான் இன்னும் பார்த்ததில்லை. அவன் சட்டை ஒன்றைத் துவைக்காமல் தபாலில் அனுப்பு. மணி அடிக்கிறது.

காத்தமுத்து